ஞாயிற்றுக்கிழமை சைக்கிளும் திங்கட்கிழமை சைக்கிளும்

சென்னையில் இரண்டு வகை சைக்கிள் ஓடுகிறது. கியர் வைத்தது, கியர் வைக்காதது என்ற கணக்கு இல்லை இது. ஞாயிற்றுக்கிழமை ஓடும் சைக்கிள் ஒன்று, திங்கட்கிழமை ஓடும் சைக்கிள் ஒன்று. இரண்டுக்கும் சக்கரம் இரண்டு, பெடல் இரண்டு. எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டிக்கொள்வதுகூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைப் பார்க்காதவர்கள் ஒருமுறை விடிகாலை ஐந்து மணிக்குத் திருவான்மியூர் பக்கம் போய் நிற்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈசிஆர். இருட்டு விலகும் முன்னரே சிவப்பு விளக்குகள் மினுக் மினுக்கென்று வரிசையாகப் போகும். பத்துப் பேர், இருபது பேர், சில வாரம் ஐம்பது பேர். உடம்போடு ஒட்டிய சட்டை, தலையில் ஹெல்மெட், ஷூவுக்கு அடியில் பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட். முட்டுக்காடு பாலம், கோவளம், ஆசையும் காலும் இருந்தால் மாமல்லபுரம் வரை. வழியில் பொங்கல் வடை, ஃபில்டர் காபி, ஒரு குரூப் போட்டோ. வெயில் ஏறுவதற்குள் வீடு. சிலர் காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு வந்து, இறக்கி ஓட்டி, திரும்ப மாட்டிக்கொண்டு போவார்கள். (சைக்கிள் காரில் போகிறது என்று ஊரில் எந்தப் பெரியவரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி பார்ப்பார்.)

இவர்களைக் கேலி செய்ய நிறைய இருக்கிறது. அது இங்கே வேண்டாம் :-) ஏனென்றால் குரூப் ரைடு என்பது உண்மையிலேயே நல்ல விஷயம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு மிதிக்கும் பாரம் நன்றாகக் குறையும். கொஞ்ச தூரம் கழித்து அவர் ஒதுங்கிப் பின்னால் வருவார், அடுத்தவர் முன்னே போவார். ரோட்டில் பள்ளம் வந்தால் முதல் ஆள் கையைக் கீழே நீட்டிக் காட்டி "ஹோல்!" என்று கத்துவார். அந்தக் குரல் ஒருவர் மாற்றி ஒருவராகக் கடைசி ஆள் வரை போகும். மணல் கிடந்தால் உள்ளங்கையை ஆட்டிக் காட்டுவது. யாருக்காவது பஞ்சர் என்றால் மொத்தக் கூட்டமும் நிற்கும். எல்லோருக்கும் கடைசியில் "ஸ்வீப்" என்று ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் யாரும் விடுபட்டுப் போகக்கூடாது என்பது சட்டம். முன்பின் தெரியாத ஐடி கம்பெனிக்காரரும் பல் டாக்டரும் கல்லூரி மாணவியும் ஒருவர் உயிரை ஒருவர் கையில் கொடுத்து ஓட்டுகிறார்கள். பக்கத்து ஃப்ளாட்காரர் பெயர் தெரியாத ஊரில் இது சின்ன சாதனையா?

இதையும் தாண்டி ஒரு கூட்டம் உண்டு. 'ப்ரெவே' என்று பிரெஞ்சுப் பெயர் வைத்த நெடுந்தூர ஓட்டம். 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில், 300ஐ 20 மணியில், 400ஐ 27 மணியில், 600ஐ 40 மணியில் முடிக்க வேண்டும். பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் முடித்தாய், அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு டீக்கடை பெஞ்சில் பத்து நிமிடம் தூங்கிவிட்டு மறுபடி மிதிக்கிறவர்கள் இவர்கள்.

சரி, திங்கட்கிழமை சைக்கிளுக்கு வரலாம்.

அது ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வீடு திரும்பும் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுடையது. கேரியரில் டீ கேன் கட்டிக்கொண்டு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறவருடையது. நடுக்கம்பியில் பிவிசி பைப்பைக் கயிறு போட்டுக் கட்டிய பிளம்பருடையது. பழைய மகாபலிபுரம் சாலையில் கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் பையன்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. இவர்களில் யாரும் தன்னை 'சைக்கிளிஸ்ட்' என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலைக்குப் போகிறவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போவதாகக் கணக்கு வந்தது. காரில் போகிறவர்கள் 3 சதவீதம்கூட இல்லை. நாடு முழுவதற்குமான கணக்கு அது, பழைய கணக்கும்கூட. அதற்குப் பிறகு பைக் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டது. இருந்தாலும் ரோடு யாருக்காகப் போடப்படுகிறது என்று பார்த்தால் அந்த 3 சதவீதத்துக்காகத்தான் என்று தோன்றாமல் இருக்குமா?

இந்தத் திங்கட்கிழமை சைக்கிளுக்கு முன்னால் "ஹோல்!" என்று கத்த ஆள் இல்லை. பின்னால் ஸ்வீப் இல்லை. காற்றைக் கிழித்துக் கொடுக்க யாரும் இல்லை. உண்மையில் அதற்குப் பின்னால் இருப்பது ஹாரன் மட்டும்தான்.

இப்போது ஒரு கேள்வி. ஞாயிறு ரைடு ஏன் ஐந்து மணிக்கு? ஏன் ஐம்பது பேர்? வெயில் என்பார்கள், ஃபிட்னஸ் என்பார்கள், ஜாலி என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பெரிய காரணம் வேறு. எட்டு மணிக்குத் தனியாகப் போக பயம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பயப்பட வேண்டிய ரோடுதான். சைக்கிள் ஓட்டத் தெரிந்த, நல்ல சைக்கிள் உள்ள, உடம்பில் தெம்புள்ள ஒருவர் தன் ஊர் ரோட்டில் ஓட்டுவதற்கு இருட்டையும் கூட்டத்தையும் தேட வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் குரூப் ரைடு என்பது அந்த ஊர் சைக்கிளைக் கைவிட்டுவிட்டது என்பதற்கான அத்தாட்சி. அதைக் கொண்டாட்டமாக மட்டும் பார்த்துவிட்டுப் போனால் எப்படி?

சைக்கிள் ஓட்டுகிறவர் எவருக்கும் தெரியும், சென்னையில் சைக்கிளுக்கு என்று இருப்பது ரோட்டின் இடது ஓரத்தில் மூன்றடி. அதை யாரும் ஒதுக்கித் தரவில்லை. மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டதால் கிடைத்தது. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் 'ட்ரெய்ல் எப்படி இருக்கிறது' என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். சகதியா, கல்லா, மரம் விழுந்திருக்கிறதா என்று. சென்னை சைக்கிளுக்கு ட்ரெய்ல் இந்த மூன்றடிதான். அதன் நிலவரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் மணல். ஈசிஆரில் கடல் காற்று கொண்டுவந்து போடுகிறது. ஊருக்குள் கட்டட வேலை லாரிகள் சிந்திவிட்டுப் போகின்றன. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வண்டல் எல்லாம் ஓரத்தில் வந்து தங்கும். நடு ரோட்டில் போகும் கார் சக்கரம் மணலை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதாவது கார் தன் பாதையைத் தானே பெருக்கிக்கொள்கிறது, குப்பையைச் சைக்கிள் பாதையில் கொட்டுகிறது. 25 மில்லிமீட்டர் டயர் அந்த மணலில் திரும்பினால் சறுக்கும். பிரேக் பிடித்தால் நிச்சயமாகச் சறுக்கும்.

அப்புறம் மூடிகள். பாதாளச் சாக்கடை மூடி, மழைநீர் வடிகால் மூடி, டெலிபோன் கேபிள் மூடி. எல்லாம் பெரும்பாலும் ஓரத்தில். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகும், மூடி குழியாகிவிடும். பிறகு யாரோ வந்து மூடியை உயர்த்துவார்கள், அது மேடாகிவிடும். தார் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். வீட்டு வாசல் ரோட்டைவிடப் பள்ளமாகிப் போய் மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதே என்பதுதான் அதற்குப் பெரிய காரணம். நல்ல உத்தரவு. எல்லாத் தெருவிலும் நடந்ததா என்பதை அவரவர் தெருவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

தண்ணீர் இறங்குவதற்கான கம்பி மூடிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பிகள் குறுக்காக இருந்தால் சைக்கிள் தடதடத்துவிட்டுப் போய்விடும். நீளவாக்கில், போகும் திசையிலேயே இருந்தால் மெல்லிய டயர் நேராக இடுக்கில் இறங்கும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். மூடியைத் தூக்கித் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. பத்து நிமிட வேலை, செலவு பூஜ்யம். இதற்குக்கூட இந்த வேலையைச் செய்கிறவர்களில் ஒருவராவது சைக்கிள் ஓட்டியிருக்க வேண்டும்.

பிறகு நிறுத்தி வைத்த கார்கள். ஓரம் என்பது பார்க்கிங் ஆனபின் சைக்கிள் நடுவுக்கு வர வேண்டும். வந்தால் பின்னால் மாநகரப் பேருந்து. வராமல் காரை ஒட்டியே போனால், எந்த நொடி எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாது. எதிர்த்திசையில் வரும் பைக் வேறு. அவர் தப்பான பக்கத்தில் வருகிறார், ஆனால் முறைப்பது அவர்தான். இத்துடன் மெட்ரோ ரயில் வேலைக்காக வைத்த தடுப்புகள். ரோட்டைப் பாதியாக்கும்போது அந்தப் பாதியில் முதலில் காணாமல் போவது எது என்று சொல்ல வேண்டுமா?

(ஒரு சின்ன கிளைக்கதை. மலை சைக்கிள் பிறந்தது அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் என்ற இடத்தில். 1976ல் சில பையன்கள் பழைய காலத்துக் கனமான சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய் மண் பாதையில் கீழே விட்டுப் பந்தயம் ஓட்டினார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின் பிரேக்கில் இருந்த கிரீஸ் முழுக்கப் புகைந்து போய்விடும், திரும்ப அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர். அந்த ஷாக் அப்சார்பர் வைத்த, தடித்த டயர் போட்ட சந்ததிதான் இன்று வேளச்சேரியில் பள்ளிக்கூடப் பையன் ஓட்டுவது. அவன் மலையைப் பார்த்ததே இல்லை. மலை சைக்கிள் வேண்டியிருக்கிற ரோடு வாசலிலேயே இருக்கிறது.)

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இந்த ஊரின் ரோடு பற்றி அவர்கள் அளவுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். எந்த மூடி எத்தனை விரல் உயரம் என்பதுவரை முழங்கை எலும்புக்குத் தெரியும். கையில் ஜிபிஎஸ், ஹெல்மெட்டில் கேமரா. அந்த அறிவு எங்கே போகிறது? வாட்ஸாப் குரூப்புக்கு. "பனையூர் தாண்டி மணல், பார்த்து வாங்க ப்ரோ". கீழே நாலு கட்டைவிரல். முடிந்தது. எச்சரிக்கை குரூப்புக்கு உள்ளேயே சுற்றுகிறது. அதே மணலில் ஆறு மணிக்கு வரப்போகும் டீ கேன்காரர் அந்த குரூப்பில் இல்லை.

இதுதான் குற்றச்சாட்டு. குரூப்புகள் தங்களை 'சென்னை சைக்கிள் சமூகம்' என்று சொல்லிக்கொள்கின்றன. சமூகம் என்ற பெரிய வார்த்தையை எடுத்துக்கொண்டால் அதன் பெரும்பான்மையையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர் முழுக்க ஓடும் சைக்கிள்களில் ஒரு சின்னத் துண்டுதான் ஞாயிறு ரைடர்கள். ஆனால் பேப்பரில் போட்டோ வருவது அவர்களுடையது. அதிகாரிகள் கொடியசைத்துத் தொடங்கி வைப்பது அவர்களுடைய ரைடை. இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவர்கள், எந்த ஆபீஸில் எந்த மாடி என்று தெரிந்தவர்கள், ஒரு ஃபோன் போட்டால் மறுமுனையில் எடுக்கிற அளவுக்கு ஆள் பழக்கம் உள்ளவர்கள் அவர்கள். அந்தச் செல்வாக்கை வைத்து விடிகாலைப் பாதுகாப்பும் கொடியசைப்பும் கேட்பதோடு நின்றுவிட்டால் அதற்குப் பெயர் கிளப். கிளப் நடத்துவதில் தப்பில்லை. அதைச் சமூகம் என்று சொல்லிக்கொள்வதில்தான் தப்பு.

ஹெல்மெட் விஷயத்தையும் பாருங்கள். 'நோ ஹெல்மெட், நோ ரைடு' என்பது குரூப் விதி. ஒட்டிக்கொண்டு முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும் கூட்டத்துக்கு அது நியாயமான விதிதான். ஆனால் அதே வாயால் வாட்ச்மேனைப் பார்த்து, "அண்ணே, ஹெல்மெட் போட்டு ஓட்டுங்கண்ணே, சேஃப்டி முக்கியம்" என்று புத்தி சொல்லும்போதுதான் இடிக்கிறது. பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் உருளும் அவரை என்ன செய்யப்போகிறது? பின்னால் வரும் காரின் வேகம். கார் மோதும்போது நடந்து போகிறவர் சாகும் வாய்ப்பு, வேகம் 50 கிலோமீட்டரில் இருந்து 65 ஆகும்போது நாலரை மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பதினைந்தே கிலோமீட்டர் வித்தியாசம். மெதுவாக உருளும் சைக்கிள்காரரும் அந்தக் காருக்கு முன்னால் நடப்பவர் மாதிரிதான். அந்தப் பதினைந்தைக் குறைக்கச் சொல்லி காரிடம் பேசத் துணியாமல் தெர்மாகோல் தொப்பி போடச் சொல்லி அவரிடம் பேசுவது வசதியான அறிவுரை.

"சென்னை வெயிலில் எவன் சார் சைக்கிள் ஓட்டுவான், இதெல்லாம் ஐரோப்பாவுக்குத்தான்" என்று ஒரு கோஷ்டி உண்டு. அவர்களை ஐஐடி வளாகத்துக்கு அழைத்துப்போக வேண்டும். அங்கே மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஹாஸ்டலில் இருந்து வகுப்புக்கு, வகுப்பில் இருந்து மெஸ்ஸுக்கு என்று எங்கு பார்த்தாலும் சைக்கிள். அதே மே மாதம், அதே வியர்வை, அதே தமிழ்நாடு. கேட்டைத் தாண்டி சர்தார் படேல் சாலைக்கு வந்தால் அதே மாணவர்களைச் சைக்கிளில் பார்ப்பது அபூர்வம். கேட்டுக்கு உள்ளே வெயில் குறைவா என்ன? (மரம் கொஞ்சம் அதிகம், ஒப்புக்கொள்ள வேண்டும்.) உள்ளே வண்டி குறைவு, வேகம் குறைவு. அதுதான் வித்தியாசம். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஊர் இருப்பதை இதைவிடத் தெளிவாக யாரும் பரிசோதனை செய்து காட்ட முடியாது.

ஐரோப்பாவும் ஒன்றும் சைக்கிளோடு பிறக்கவில்லை. நெதர்லாந்தில் 1971ல் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். தன் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் 1972ல் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற தலைப்பில் எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள், குழந்தைகள் ரோட்டில் இறங்கி விளையாடினார்கள். 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அரசாங்கமே ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று சொன்னது. ஆக அவர்களுக்கும் ஞாயிறு இருந்தது. ஞாயிறோடு விடவில்லை. கொலம்பியாவில் பொகோட்டா நகரமும் அப்படித்தான். 1974 டிசம்பரில் இருந்து ஞாயிறு காலை பெரிய ரோடுகளை மூடி சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் விடுகிறார்கள், இன்று 120 கிலோமீட்டருக்கு மேல். 1998ல் மேயரான என்ரிக்கே பென்யலோசா வார நாட்களுக்கான சைக்கிள் பாதைகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் போட்டார். பொகோட்டா ஒன்றும் பணக்கார ஊர் இல்லை.

சென்னையிலும் காகிதத்தில் குறை இல்லை. 2014 அக்டோபரில் மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கு என்றே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. இந்தியாவிலேயே முன்னோடி என்று எல்லோரும் பாராட்டினார்கள். 2019ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது, நடப்பவர்களுக்கு நிம்மதி. சைக்கிளுக்கு அந்த அளவு சொல்ல என்ன இருக்கிறது? 2025 மார்ச் மாநில பட்ஜெட்டில் அறிவித்தது என்ன தெரியுமா? அதே ஈசிஆரில், திருவான்மியூரில் இருந்து உத்தண்டி வரை 2,100 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலை. ஞாயிறு ரைடர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும், அந்த மேம்பாலத்தின் மேலே சைக்கிள் ஓட்டப்போகிறார்களா, தூணுக்கு நடுவே கீழே ஓட்டப்போகிறார்களா?

வரியிலும் இதே கதைதான். 2019 ஆகஸ்டில் மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள், சுற்றுச்சூழல் பாசம். சொட்டுப் பெட்ரோலும் ஒரு யூனிட் கரண்டும் கேட்காத சைக்கிளுக்கு 12 சதவீதம். அதை 5 ஆக்க 2025 செப்டம்பர் வரை ஆனது. ஆறு வருடம்! டீ கேன்காரர் மின்சாரக் கார் வாங்குகிறவரைவிட அதிக விகிதத்தில் வரி கட்டிய ஆறு வருடம்.

கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கொல்கத்தா இருக்கிறது. 2008ல் போலீஸ் 38 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. 2013ல் அது 174 சாலைகள் ஆனது. காரணம்? மற்ற வண்டிகளின் வேகம் குறைகிறதாம். பால்காரர், பேப்பர்காரர், மீன்காரர் எல்லோரும் ஒரே இரவில் சட்டத்தை மீறுகிறவர்கள் ஆனார்கள், பிடிபட்டால் அபராதம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு எண்ணிக்கையைக் குறைத்தார்கள், தடை போகவில்லை. சைக்கிள் ஏழையின் வண்டி மட்டும்தான் என்று ஓர் ஊர் முடிவு கட்டிவிட்டால் அதைத் தூக்கி எறிவது எவ்வளவு சுலபம் என்று அந்த 174 சொல்கிறது. சென்னையில் அப்படித் தடை இல்லையே என்று திருப்திப்பட வேண்டாம். ஓரத்தை மணலும் காரும் எடுத்துக்கொண்டால் உத்தரவு எதற்கு?

குரூப் ரைடு ஓர் ஊரை மாற்றும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. தூரத்தில் தேட வேண்டியதில்லை. 1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுக்கச் செய்தார். கல் உடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், பூக்காரிகள், ஆசிரியைகள். ஊரில் கிண்டல் இருந்தது, அசிங்கமான பேச்சு இருந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதிலும் ஒரு வசதி கண்டார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் போனார்கள் என்று பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்த ஊர்வலத்தில் ஜெர்சி இல்லை, மெடல் இல்லை, ஆவரேஜ் ஸ்பீடு இல்லை. ஆனால் மறுநாள் அவர்கள் அதே சைக்கிளில் தண்ணீர்க் குடம் கட்டினார்கள், சந்தைக்குப் போனார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊர்வலமே அந்த மறுநாளுக்காகத்தான்.

இதைப் படிக்கும் கல்லூரி நண்பர்களில் நாலைந்து பேராவது ஈசிஆர் குரூப்புகளில் இருப்பார்கள். கோபம் வரலாம், வரட்டும். "வாரம் பூரா உழைச்சுட்டு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் நிம்மதியா ஓட்டறதும் தப்பா?" என்று கேட்கலாம். தப்பே இல்லை. மாதத்தில் நாலு ஞாயிறு இருக்கிறது, மூன்றை மாமல்லபுரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலாவதை எடுத்து ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் கொடுங்கள். அதே ஐம்பது பேர், அதே சிவப்பு விளக்கு, அதே "ஹோல்!". மத்திய கைலாஷில் இருந்து சைதாப்பேட்டைக்கு, வேளச்சேரியில் இருந்து தரமணிக்கு. ஆபீஸ் போகும் உடையில், டீ கேன்காரரின் வேகத்தில். அவர் வந்தால் கூட்டத்துக்கு நடுவில் விட்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1992ல் இப்படி வார நாளில், ஆபீஸ் விடும் நேரத்தில் சேர்ந்து ஓட்ட ஆரம்பித்ததுதான் 'கிரிட்டிகல் மாஸ்' என்று உலகம் முழுக்கப் பரவியது. டிராஃபிக்கை மறிக்கிறார்கள் என்று அங்கே திட்டு வாங்கினார்கள். நாங்களும் டிராஃபிக்தான் என்று பதில் சொன்னார்கள்.

பாதை தனியாகப் பிரித்துக் கொடு என்று முதல் நாளே கேட்க வேண்டாம். வெறும் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் அதில் பைக்தான் போகும், இல்லாவிட்டால் கார் நிற்கும். முதலில் அந்த மூன்றடி. மணலைப் பெருக்கு, மூடியைச் சமமாக்கு, கம்பியைக் குறுக்கே திருப்பு, காரை எடு. உள் ரோடுகளில் வேகத்தை முப்பதுக்குக் கீழே கொண்டுவா. இவற்றில் கம்பி மூடிக்கு டெண்டர்கூட வேண்டாம்.

குரூப்பில் போடும் "பார்த்து வாங்க ப்ரோ" போட்டோவை, இடமும் தேதியும் சேர்த்து மாநகராட்சியின் 1913க்கும் சொல்லலாம். பாதி நேரம் "அது எங்க ரோடு இல்லைங்க, ஹைவேஸ்" என்று பதில் வரும். ஹைவேஸில் கேட்டால் மூடி குடிநீர் வாரியத்துடையது என்பார்கள். குடிநீர் வாரியம் மெட்ரோவைக் காட்டும். ஒரு வாட்ச்மேனால் இந்த நாலு ஆபீஸும் ஏற முடியாது, ஏறினால் அன்றைய சம்பளம் போகும். 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்தில் முடிக்கிறவர்களால் முடியும்.